எதைக் கேட்டாலும் ஆமாங்க

என் தம்பி மாதையனுக்கு முப்பது வயது. அறிவு வளர்ச்சி மட்டும் ஐந்து வயதோடு நின்றுவிட்டது. பொம்மிடி பக்கம் எங்கள் ஊர்க் கிணற்றில் ஒரு பெண் இறந்து கிடந்தபோது, கரையில் நின்றிருந்த அவனைப் போலீசார் விசாரித்தார்கள். தானே தள்ளியதாக ஒப்புக்கொண்டுவிட்டான். நானும் நம்பினேன்.

நீதிமன்றம் அவனை மனநல மருத்துவரிடம் அனுப்பியது. அவன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மாதையா, இதோ பக்கத்துல உக்காந்திருக்கற உங்க அக்காவையும் நீதான் கெணத்துல தள்ளுனியா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆமாங்க."

"அக்கா என்ன பண்ணுச்சு?"

"கத்துச்சுங்க. அப்பறம் கத்தலைங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எதைக் கேட்டாலும் ஆமாங்கறாரும்மா. ஆமான்னு சொன்னா அதட்டறது நின்னுடும்னு பழகியிருக்காரு" என்றார் மருத்துவர்.

பழக்கியது நான்தான். வீட்டில் எது உடைந்தாலும் "நீதானே?" என்று, அவன் ஆமாம் சொல்லும்வரை அதட்டியிருக்கிறேன்.

மருத்துவரின் அறிக்கைக்குப் பிறகு போலீசார் மறுபடி விசாரித்தார்கள். அந்தப் பெண் வழுக்கி விழுந்ததைப் பார்த்தவர் ஒருவர் கிடைத்தார். தம்பி வீடு திரும்பினான்.

இப்போது அவனிடம் "நீதானே?" என்று நான் கேட்பதே இல்லை. "என்ன நடந்துச்சு சாமி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சில நாள் பதில் வர அரை மணி நேரம்கூட ஆகிறது.