இருபத்தொன்பதுக்கு அப்புறம்

போன வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் சமயம். விழுப்புரத்திலிருந்து நானும் யு.கே.ஜி. படிக்கும் என் மகளும் வல்லம் பக்கம் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம்.

எண்கள் என்றாலே ஓட்டம் பிடிப்பவள் என் மகள். அவளுக்காகவே சில விளையாட்டுகளை நானாக உண்டாக்கி வைத்திருந்தேன். இட்லியை எண்ணித் தட்டில் வைப்பதெல்லாம் அவளுக்குச் சலித்துவிட்டது. அதனால் கண்ணாமூச்சியைத் திருப்பிப் போட்டேன். ஒளிந்திருப்பவர்தான் எண்ண வேண்டும். ஐம்பது வரை எண்ணுவதற்குள் நான் கண்டுபிடிக்காவிட்டால் வெளியே வந்து ஜெயித்துவிடலாம். நடுவில் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் அவுட். இதில் எனக்குப் பெருமை வேறு. வீட்டில் அவள் திரைக்குப் பின்னால்தான் ஒளிவாள். முப்பது மட்டும் வாயில் வராது. இந்தப் பக்கமிருந்து நான் எடுத்துக் கொடுத்தால் மீதியைக் கடகடவென்று முடித்துவிடுவாள்.

அன்று சாயங்காலம் மல்லாட்டை காயவைக்கும் களத்தில் விளையாடினோம். கண்ணை மூடித் திறந்தால் ஆளைக் காணோம். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் எல்லாம் பார்த்தேன். ஐம்பது எண்ணும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மோட்டார் ரூமை ஒட்டிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. விளையாட்டு முடிந்துவிட்டது, வந்துவிடு என்று கத்தினேன். அதற்குள் மல்லாட்டை ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டதால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டிராக்டர்காரர் களத்தில் கொட்டுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் கையைக் காட்டியபடி ஓடினாள்.

"அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க. புள்ள எங்கனா சத்தம் குடுக்குதான்னு பாப்போம்."

இன்ஜின் நின்றது. டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு.

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது..."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும், "ஒண்ணு, ரெண்டு..."

பாய்ந்து போய்த் தார்ப்பாயை இழுத்தேன். வேர்வையில் முடியெல்லாம் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"முப்பது நீதானம்மா சொல்லுவ. இன்னிக்கு நீ சொல்லவே இல்ல."

டிராக்டர்காரர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று விழுப்புரம் வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

இப்போது நூறு வரை தடங்கலில்லாமல் சொல்கிறாள். அவள் எண்ணுவதைக் கேட்கும்போது, இருபத்தொன்பது வந்தால் எனக்கு இன்னும் மூச்சு நின்று வருகிறது. எந்த விளையாட்டைத் தொடங்கினாலும், தெரியாத இடம் வந்தால் அம்மாவைச் சத்தமாகக் கூப்பிடு, அதற்கு அவுட் கிடையாது என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.