ஏலியன்தான் மண்டி போடணுமா

அலுமினியம் பவுடரை தேங்கா எண்ணெயில கொழச்சி மூஞ்சில பூசனா ஒரு வாசன வரும்... புது இரும்பு கேட்டுக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி. கண்ணோரம் எரியும். சிரிச்சா கன்னத்துல வெடிப்பு விடும். சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னு சார் சொல்லிக்கினே இருந்தாரு. எங்களுக்கு சிரிப்பு வந்தாதானே.

சித்தூர்ல எட்டாவது படிச்சிக்கினு இருந்தேன். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு சயின்ஸ் சாரே தெலுங்குல ஒரு டிராமா எழுதினாரு. எல்லா கிரகத்துக்காரங்களும் ஒண்ணா கூடி சபை போடறாங்க. பூமியை சேத்துக்கலாமா வேணாமான்னு பேச்சு. பூமியில இருந்து ஒரு கேப்டன் வருவான். அவன் பேச வாயைத் தொறந்ததும் ஏலியனுங்க எல்லாம் மண்டி போட்டு, தலையை தரையில வெச்சிடணும். மனுஷன் எவ்ளோ ஒசத்தின்னு அவன் ஒரு பக்க வசனத்தை பேசி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.

அவ்ளோதான் கதை. ஏன் மண்டி போடணும்னு கேட்டா அதுல பதில் கிடையாது.

அந்த கேப்டன் வேஷம் எனக்கு வேணும்னு ஒரே பிடிவாதம். சயின்ஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். தெலுங்குலயும் நான்தான் ஃபர்ஸ்ட். டிராமா பேப்பர் கைக்கு வந்த அன்னிக்கே பேச்சு முழுசும் மனப்பாடம் பண்ணிட்டேன். நைனாகிட்ட, நான்தான் கேப்டன், நீ வரணும்னு வேற சொல்லி வெச்சிட்டேன்.

சார்கிட்ட போய் கேட்டேன். ஏற இறங்க பாத்தாரு. நீ நல்லா எழுதுவ, ஆனா பேசனா அரவ வாடை அடிக்குதுன்னாரு. அரவம்னா எங்க பக்கம் தெலுங்குக்காரங்க தமிழுக்கு சொல்றது. கொஞ்சம் எளக்காரமா.

கேப்டன் வேஷம் எங்க கிளாஸ் தெலுங்குக்கார பையன் கிஷோருக்கு போயிடுச்சி.

அப்புறம் ஏலியனுக்கு ஒரு பாஷை வேணுமேன்னு யோசிச்சாரு. வீட்ல தமிழ் பேசற பிள்ளைங்க கிளாஸ்ல ஆறு பேரு. "மீரு அரவவாள்ளே கதா, அதே மாட்லாடண்டி"ன்னுட்டாரு. நீங்க தமிழுங்கதானே, அதையே பேசுங்கன்னு. இன்னா பேசணும் சார்னு கேட்டோம். எதுனா பேசுங்க, யாருக்கு புரியப் போவுதுன்னாரு.

யாருக்கு புரியப் போவுதா... சித்தூர்லயா? இதே சார் மார்க்கெட்ல காய்காரம்மாகிட்ட தமிழ்லயே பேரம் பேசி, கறிவேப்பிலையை ஓசியில வாங்கிக்கினு போறதை நானே பாத்திருக்கேன். 

எங்க சர்ச்ல கிறிஸ்மஸ் டிராமாவுக்கு வெச்சிருந்த ஜிகினா பேப்பரைத்தான் கேட்டு வாங்கியாந்தேன், ஏலியன் தலையில வெக்கற கொம்புல சுத்தறதுக்கு. சர்ச்ல அதே ஜிகினா கட்டி நான் தேவதூதர். இங்க ஏலியன்.

நைனா பஸ் கண்டக்டர். புத்தூர் டிரிப்பை வேற ஆளுக்கு மாத்திவிட்டுட்டு, காக்கி சட்டையோடயே வந்து முன் வரிசையில ஒக்காந்துக்கினாரு. கேப்டன் நான் இல்லன்னு கடைசி வரைக்கும் அவருகிட்ட சொல்ல வாய் வரல.

ஸ்டேஜ்ல ஏறி நாங்க ஆறு பேரும் ஏலியன் பாஷை பேசினோம். துவரம்பருப்பு ரெண்டு கிலோ... புளி கால் கிலோ... ஹாலே விழுந்து விழுந்து சிரிச்சது. புரிஞ்சிதான் சிரிச்சாங்க. நைனா மட்டும் சிரிக்கல. என்னைத் தேடிக்கினு இருந்தாரு.

கிஷோர் வந்தான். வாயைத் தொறந்தான். நாங்க மண்டி போட்டு தலையைத் தரையில வெச்சோம்.

பேச்சு வரல அவனுக்கு.

சைடுல சார் பேப்பரைத் தேடறாரு, கெடைக்கல. கிஷோரு கால் நடுங்கறது என் மூக்குக்கு நேரா தெரியுது. எனக்கு தாங்கல. தலையைத் தூக்காமயே மெதுவா சொன்னேன்.

"மேமு மானவுலம்."

நாங்க மனுஷங்க... அதான் மொதல் வரி. கிஷோர் அதை சத்தமா சொன்னான். ரெண்டாவது வரி சொன்னேன். சொன்னான். அப்படியே அந்த ஒரு பக்கம் முழுசும்.

ஒரே கைதட்டல். சார் மைக்கைப் பிடிச்சி, பாத்தீங்களா, ஏலியனே மனுஷனுக்கு தலை வணங்குதுன்னாரு. சிறந்த நடிகர் கப்பு கிஷோருக்கு.

ஸ்கூல் குழாயடியில நைனா தன்னோட துண்டை நனைச்சி என் மூஞ்சியைத் தேச்சி விட்டாரு. பவுடர் லேசுல போகல. கேப்டன்னு பொய் சொன்னதுக்கு ஒரு வார்த்தை திட்டல. என் உதடு அசையறதைப் பாத்துட்டாரு போல.

"அவனுக்கு ஏன் பாப்பா சொல்லிக் குடுத்த? நீயே எழுந்து நின்னு பேசியிருக்கலாமில்ல?"

அழுதேன்.

இப்ப திருப்பதியில வேலை. போன ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கினு ஒரு ஏலியன் படத்துக்கு போனேன். எத்தினியோ நட்சத்திரம் தாண்டி வரத் தெரிஞ்சவங்களாம்... அவங்களுக்கு அன்புன்னா இன்னான்னு சொல்லிக் குடுக்க பூமியில இருந்து ஒருத்தன் போகணுமாம். மனுஷங்கதான் ஆளுக்கொரு தினுசு. அவங்க கிரகம் முழுக்க ஒரே துணி, ஒரே பாஷை, ஒரே புத்தி. எழுதறவன் யாரு? மனுஷன். அப்புறம் யாரு மண்டி போடுவாங்க?

அப்ப அலுமினியம் பவுடர். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிடறாங்க, யாருக்கும் கண்ணு எரியாது. மத்தது அப்படியேதான் இருக்குது.

கடைசில ஹீரோ பேசறதுக்கு நின்னான். ஏலியனுங்க வரிசையா மண்டி போட்டுச்சிங்க. தியேட்டரே விசில் அடிக்குது. நான் மூணாவதா மண்டி போட்டிருந்த ஏலியனையே பாத்துக்கினு இருந்தேன்.

"அம்மா, இன்னா முணுமுணுக்கற?"ன்னு பொண்ணு கேட்டா.

அப்பதான் தெரிஞ்சது. மேமு மானவுலம்... உதடு தானா சொல்லிக்கினு இருக்குது.

நைனா கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல. இன்னிக்கு அதே ஸ்டேஜ்ல என்னை மண்டி போட வெச்சி, கிஷோர் கால் நடுங்கினாலும்... சொல்லித்தான் குடுப்பேன்னு தோணுது.

சார் மேல இருந்த கோவம் எப்பவோ ஆறிடுச்சி. என் மேல இருக்கறது மட்டும் ஆறல.