அலுமாரிக்குள் ஒரு கப்டனின் வாள்

பழைய சாமானுக்கு விலை சொல்லிப் பிழைக்கிற எங்களுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று இரும்பில் பிடிக்கிற கறள், மற்றது கறளைத் தேய்க்கிற கை. மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் மூன்று வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கடைக்காரர் சிலாவத்துறை நானா சாமானைத் தூக்கிப் பார்த்து நிறை சொல்லுவார். நான் கொன்வென்ற்றில் படித்த இங்கிலீசை வைத்து அதிலுள்ள எழுத்தை வாசிப்பேன். இதே தொழிலில் இருக்கிற நீங்கள் இதை வாசித்தால் தலையில் கை வைப்பீர்கள். வையுங்கோ. நான் பிள்ளை நித்திரையான பிறகு, ஒரு காதைப் படலைப் பக்கம் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ராசாவின் வாள்

சிசிலியா அக்கா ஓலைத்தொடுவாயிலிருந்து பஸ்ஸில் வந்தா. கையில் பாயால் சுற்றிய நீட்டுப் பொதி. கொண்டக்டர் கேட்டதற்குத் துடுப்பு என்று சொன்னாவாம். அவிழ்த்தால் வாள். புருசன் வீட்டுப் பெட்டகத்தின் அடியில் பரம்பரையாகக் கிடந்தது, யாழ்ப்பாண ராசாவுடையது என்றா. எங்கள் கடைக்கு வருகிற எல்லாமே ராசாவுடையதுதான்; போன மாதம் ராசாவின் இடியப்ப உரல் வந்தது.

மெல்ல உருவிப் பார்த்தேன். அலகு முழுக்க நீலம் ஓடியிருந்தது. அதன்மேல் பொன்னில் கொடியும் இலையும். ஒரு பக்கத்தில் இங்கிலீசு எழுத்து: தொண்டர் படைக்காரர் தங்கள் கப்டனுக்கு நன்றியோடு கொடுத்தது. வெட்டுவதற்குச் செய்ததல்ல, மரியாதைக்குக் கொடுக்கிற வாள். இந்த நீலமும் பொன்னும் அழியாமல் ஒரு வாள் கிடைப்பது மிக அருமை, அதற்குத்தான் விலை என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவவின் மகன் ஆரோ ஒருவரின் வள்ளத்தில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: “ராசா இல்லாட்டிப் பரவாயில்லைத் தங்கச்சி. வள்ளம் ஒண்டு வாங்கக் காசு காணுமோ, அதைச் சொல்லு.”

திருக்கைத் தோல்

நானா வாளின் எழுத்தையும் பார்க்கவில்லை, பொன்னையும் பார்க்கவில்லை. கைபிடியில் கம்பி சுற்றியிருந்த சொரசொரப்பான தோலை நகத்தால் கீறினார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். திருக்கைத் தோல், ஆகவே இது இங்கே செய்த கள்ளச் சாமான் என்று தீர்ப்புச் சொன்னார்.

கை வழுக்காமல் இருக்க வெள்ளைக்காரர் நாட்டிலும் மீன்தோல்தான் சுற்றினார்கள் என்று சொன்னேன். போனில் படம் காட்டினேன். நாலு வாள், ஐந்து வாள் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். பின்னேரம் கடை பூட்டும்போது, சமாதானமாகிவிட்டார் என்று நான் நினைத்த நேரம், கேட்டார்: “அது சரி, வெள்ளக்காரனுக்குத் திருக்கை புடிச்சுக் குடுத்தது ஆரு புள்ள?”

கடிதம்

கொழும்பில் இதை வாங்கக்கூடிய ஒரு ஐயா இருந்தார். அவர் வரப் பத்து நாள் ஆகும். கடையின் பின்கதவுக்குப் பூட்டு இல்லை. நானா தன் வீட்டில் ஏழு பேரப்பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள் என்றார். மிஞ்சினது என் வீட்டு அலுமாரி. வாளை வீட்டில் வைத்துவிட்டுப் பயந்து சாக முடியாது என்று, பிள்ளையை இடுப்பிலும் வாளைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போய்ச் சொன்னேன்.

அங்கிருந்த பொலிஸ் பெரியவர் மரியாதையான மனிசன். பிள்ளைக்குப் பிஸ்கற் கொடுத்தார். வாளின் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, இது பழைய சாமான், என் பொறுப்பில் இருக்கிறது என்று என் பேருக்கு ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “எழுத்து இருக்கு, அதனால பழைய சாமான். எழுத்து இல்ல எண்டா ஆயுதம். மிஸ்ஸிண்ட பேர்ல ஆயுதம்.”

நான் சிரிக்கவில்லை. என் புருசன் கட்டாரில், நான் உள்ளே போனால் பிள்ளை ஆரிடம்? அன்றிலிருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பு மாதா பதக்கத்தோடு என் கழுத்தில்.

பெருநாள் துப்புரவு

என் மாமியார் கோயில் குத்துவிளக்கு, மெழுகுதிரிக்கால் மினுக்குகிற பெண்கள் கூட்டத்தில் முதல் ஆள். புளியும் சாம்பலும் தும்பும் எடுத்தா என்றால் பெருநாளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு உலோகமும் தப்பாது. எட்டாம் நாள் காலை நான் குளித்துவிட்டுத் திறப்பைக் கிணற்றுக்கட்டில் மறந்து கடைக்குப் போனேன். ஞாபகம் வந்து ஓடி வந்தால் படலையிலேயே புளி மணம்.

மாமி குசினி வாசற்படியில் இருக்கிறா. மடியில் குறுக்காக வாள். பிள்ளையின் சட்டை எடுக்க அலுமாரியைத் திறந்தவவாம். நீலம் பாரித்து ஊத்தையாய்க் கிடந்ததைக் கண்டு மனம் கேட்கவில்லையாம். மேற்பக்கம் சாவாளை மீன்போல வெள்ளையாய் மின்னியது. கொடி இல்லை, இலை இல்லை, பொன் இல்லை. எழுத்தும் போய்விட்டதோ என்று வாளை வாங்கித் திருப்பினேன்.

மறுபக்கத்தில் நீலம் அப்படியே. கப்டன் அப்படியே. வாள் கையை அறுத்துவிடும் என்று நான் பயந்து காத்த பிள்ளைதான் இடையில் எழும்பி அழுது அதைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அழத் தொடங்க, மாமி என்னைத் தேற்றினா: “பிள்ளை எழும்பினபடியால் ஒரு பக்கம்தான் முடிஞ்சது. மற்றதை நாளைக்கு மினுக்கித் தாறன், கோவிக்காதை.”

இரண்டு பக்கம்

கொழும்பு ஐயா கடைக்கு வந்தார். எழுத்துப் பக்கத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. திருப்பினார், கண்ணை மூடிக்கொண்டார். விலையைப் பாதியாக்கினார். சிசிலியா அக்காவும் அங்கே இருந்தா. திறப்பை விட்டது நான், பிழை என்னுடையது என்று அவவிடம் முகத்துக்கு முகம் சொன்னேன். பாதி விலைக்கு வள்ளம் வராது என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏச்சு விழும் என்று குனிந்து நின்றேன். விழுந்திருந்தால் நல்லது.

அக்கா மினுக்கின பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தா. வடிவாய்த்தான் கிடக்குது என்றா. அந்த ஐயாவுக்கு விற்க மாட்டேன் என்றா. பாயை மடித்துக் கக்கத்தில் வைத்து, வாளை என் கையில் தந்து சொன்னா: “ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வாங்கிற ஆள் வருமட்டும் உன்னட்டையே இருக்கட்டும் தங்கச்சி. உன்ர பேரிலதானே கடிதமும் இருக்கு.”

ஆக, கப்டன் இன்னும் என் அலுமாரியில், திறப்பு என் கழுத்தில், நாங்கள் இரண்டு மாதமாகப் புளியில்லாத மீன்கறி சாப்பிடுகிறோம்.