வாயைத் திறந்து இருமுங்க

போனில் பேசிப் பிழைக்கிறவர்கள் எதையாவது விற்பார்கள். நான் சளி கேட்கிறேன். கோவையில் ஒரு நுரையீரல் மருத்துவமனையில் வேலை. நாள்பட்ட மூச்சுநோய்க்காரர்களை அலையவிடாமல் டப்பாவை வீட்டுக்கே அனுப்பி, வீடியோ காலில் இருமச் சொல்லி, துப்பிய சளியைச் சோதனைக்குக் கூரியரில் வரவழைக்க வேண்டும். காலங்காத்தாலே முன்பின் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கும் டெலிகாலர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

எச்சில்

பவானியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவர் அனுப்பியது வெறும் எச்சில் என்று லேப் திருப்பிவிட்டது. மறுபடி கூப்பிட்டு, மூச்சை நன்றாக இழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமச் சொன்னேன். போனை முகத்துக்கு நேரே பிடித்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, மூச்சை நல்லா இழுக்க முடிஞ்சா உங்க டப்பாவ நான் எதுக்குங்க தொடறேன்?"

கூரியர்

சோமனூர்ப் பக்கம் பெட்டிகளை எடுத்துவருகிறவர் செந்தில். உள்ளே இருப்பது சளி என்று தெரிந்ததும், இனிமேல் அதைத் தொடாதே என்று அவருடைய மேனேஜர் சொல்லிவிட்டாராம். மறுநாளும் பெட்டியோடு வந்து நின்றார். வேலைக்கு ஆபத்து வராதா என்று கேட்டேன்.

"கல்யாண ஊட்டுக்கு மல்லிப்பூவும் நாந்தானுங்க கொண்டு போறேன். ரெண்டுமே நேரத்துக்குப் போகலீன்னா கெட்டுப்போயிருமுங்க."

வாசல்

சரஸ்வதியக்கா சோமனூரில் விசைத்தறி ஓட்டி ஓட்டியே நெஞ்சு கெட்டவர். தறியும் குடியிருக்கும் வீடும் ஒரே அம்மாவுக்குச் சொந்தம். இருமுவதைப் பார்த்தால் காலி செய்யச் சொல்வார் என்று பயந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார். உதடு நீலம் பூப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, வெளியே வாங்க என்று கத்தினேன். வாசலில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்து நிதானமானதும், தெருவே பார்க்க அங்கேயே இருமி, டப்பாவில் துப்பி மூடியைத் திருகினார்.

வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். ஒட்டுவாரொட்டி நோய்க்காரிக்கு இங்கே இடமில்லை என்றார். டிபி இல்லை என்று முன்பே சோதித்தாயிற்று, டாக்டரையே பேசச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று அக்கா கையைக் காட்டினார்.

அந்தச் சளியை வைத்துத்தான் மருந்தை மாற்றினார்கள். படுக்கையில் சேராமலே தேறிவிட்டார். இன்றும் அதே வீடு, அதே வாசல். அன்றைக்கு அந்த அம்மாவைத் திரும்பிப் போகவைத்தது அக்கா சொன்ன இந்த வார்த்தைதான்:

"இது உங்க தறியில நான் இழுத்த பஞ்சுங்க, யாருக்கும் ஒட்டாதுங்க. உங்க பஞ்ச உங்க வாசல்ல எடுக்கறதுக்கு நான் எதுக்குங்க ஒளியோணும்?"

என் பிழைப்பில், வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை.