பிரஷர் இறங்கினால்

நான் படிக்கும் படிப்பை அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது. புரிந்துவிட்டது என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

பேரியம் டைட்டனேட் என்று ஒரு படிகம். அதில் தூசியளவு எடுத்து, இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவதுதான் என் பிஎச்.டி. வேலை. அம்மாவுக்குப் போனில் இப்படிச் சொன்னேன்: "ஒரு சின்னப் பெட்டிம்மா. ஒரு பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கும். உள்ள ஒரு அணு நடுவுல நிக்காம ஒதுங்கி நிக்கும். பிரஷர் ஏத்தினா அது நடுவுக்கு வந்துரும், பெட்டியும் எல்லாப் பக்கமும் சமமாயிடும். பிரஷரை இறக்கிட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்."

"அப்புறம் ஒண்ணும் ஆவாதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இவ்வளவு அக்கறையாக என் கைடுகூடக் கேட்டதில்லை. "ஒண்ணுமே ஆவாது" என்றேன்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் பாத்திரம் அதிரும் அரியலூர் வீடு எங்களுடையது. ஆனாலும் எங்கள் தெருவில் பிரஷர் என்றால் மனிதர்களுக்கு வருவது மட்டும்தான். அம்மாவுக்கும் ஐந்தாறு வருடமாக இருந்தது. அந்த மாதம் அளந்தபோது இறங்கியிருந்தது. மகள் சொன்னபடி எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். மாத்திரையால்தான் இறங்கியது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து, காலையில் தோசை திருப்பும்போது கரண்டி நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் வலது கை வரவில்லை. அப்பா போன் செய்ததும் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வாய் லேசாகக் கோணியிருந்தது.

"மாத்திரைய யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கோபப்பட்டார். அம்மா குழறலாக, ஆனால் பெருமையாக, என்னைக் காட்டினாள். "எம் பொண்ணுதாங்க. அதுவும் டாக்டருக்குத்தான் படிக்குது. பிரஷர்லயே."

"இல்லீங்க மேடம், நான் கல்லுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட அம்மா மேல் கோபம் வந்தது. எதற்கு என்னை இப்படி நம்பினாள்? வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

நான் சொன்னதும் முழு உண்மையில்லை. அழுத்தம் ஏறும்போது ஓரிடத்தில் மாறும் படிகம், இறங்கும்போது அதே இடத்தில் திரும்புவதில்லை. இன்னும் கீழே போன பிறகுதான் திரும்பும். அதை வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு எதற்கு இந்த விவரமெல்லாம் என்று விட்டது என் திமிர்.

இப்போது வீட்டில் ரப்பர் பந்தை அழுத்திப் பழகுகிறாள். விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. நேற்று பந்தை மடியில் வைத்துவிட்டு, "இந்தக் கை பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டாள்.

"ஆயிடும்மா" என்றேன், யோசிக்காமல்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"கல்லுக்கா, எனக்கா?"