பேண்டம் ருசி அறியாத நாக்கு

ஆனைக்கரையில் ரோசியின் பேண்டம் சேவல் ஒரு கூவல் கூவினால், மலைக்குக் கீழே கம்பத்தில் டீக்கடைக்காரர்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள். சரி, இது கொஞ்சம் கூடிப்போன கணக்குத்தான். ரோசியே இதைச் சொல்லிவிட்டு, எதிரே நிற்பவர் சிரித்ததும், "கம்பம்னு சொன்னது ஒரு பேச்சுக்கு. லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேக்கும்" என்று தானே இறங்கி வந்துவிடுவாள். ஆனால் இன்னொரு பெருமை அவளிடம் உண்டு. அதில் மட்டும் ஒரு நூல் இறங்கமாட்டாள். கழுத்து ஜெபமாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என் வீட்டுப் பேண்டம் ருசி எப்படின்னு என் நாக்குக்குத் தெரியாது, சத்தியமா" என்பாள்.

ரோசிக்கு ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. புருசன் சுவக்கீன் அதே தோட்டத்தில் மருந்து அடிப்பவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், ஒரு விறகுக் கொட்டகை. அங்கேதான் அவளுடைய ராஜ்ஜியம். பேண்டம் என்றால் புறாவுக்கு அக்கா மாதிரி ஒரு குட்டைக் கோழி. ரோசியுடையவை சுத்த வெள்ளை. கால்விரல் வரை இறகு மூடி, முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே நடப்பவைபோல நடக்கும். கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சில முட்டைகளில் தொடங்கிய வம்சம் அது. அந்த வீட்டுக்காரி இன்றுவரை கீரிமேல்தான் சந்தேகத்தில் இருக்கிறாள்.

வருசா வருசம் புனித ஜார்ஜியார் திருநாளுக்கு ரோசி ஒரு பேண்டம் சேவலைக் காணிக்கை கொடுப்பாள். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். சேவலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "நம்ம ரோசி கொடுத்த குட்டைச் சேவல்" என்று மைக்கில் ஒரு குரல் வரும். மற்ற நாளெல்லாம் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்கிறவர் தோட்டத்து சூப்பர்வைசர் ஒருவர்தான், அதுவும் வசவோடு. அந்த ஒரு மைக்குக்காக ரோசி எதையும் செய்வாள். செய்தாள்.

காலில் இறகில்லாமல் ஒரு குஞ்சு பொரித்தால், ஈரம் காயுமுன் அதைப் பூனைக்குப் போடுவாள். தாய்க்கோழி கத்தும். "கத்து கத்து. வம்சத்தக் கெடுக்குறதப் பெத்தது நீதான" என்பாள். நல்ல குஞ்சுகளையும் உடனே பிரித்துவிட்டு, அதே கோழியை அடுத்த முட்டைகள்மேல் உட்காரவைப்பாள். பேண்டம் கோழிக்கு அடைகாப்பதில் ஒரு வெறி உண்டு, தீனியை மறந்து கிடக்கும். அப்படி இறங்கவே விடாமல் உட்காரவைத்த ஒரு கோழி, எலும்பும் தோலுமாகி முட்டைமேலேயே செத்துக் கிடந்தது. "வேலையில இருக்கும்போது போச்சு, புண்ணியவதி" என்று அதைக் காலைப் பிடித்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, முட்டைச் சூடு ஆறுமுன் வேறொன்றை உட்காரவைத்தாள்.

லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அடைக்கு முட்டை கேட்டு வருவார்கள். பக்கத்து வீடுகளுக்கு இல்லையென்று சொல்ல முடியாது, தண்ணீர் பிடிப்பதும் விறகு பொறுக்குவதும் அவர்களோடுதானே. ஆகவே ரோசி கொடுப்பாள். கொடுக்குமுன் அடுப்படிக்குள் போய், கொதிக்கிற தண்ணீரில் ஒவ்வொரு முட்டையையும் ஒரு ‘மரியே வாழ்க’ ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் முக்கி எடுத்து, துடைத்து, சிரித்த முகமாகத் துணியில் கட்டிக் கொடுப்பாள். குஞ்சு பொரிக்கவில்லை என்று வந்து நிற்பவளிடம், "இடி இடிச்சுச்சே, முட்டை கெடாம இருக்கக் கூடையில ஆணி போட்டியா?" என்பாள். போட்டேன் என்றால், "துருப்பிடிச்ச ஆணியா இருக்கும்" என்பாள். இடிக்கும் துருவுக்கும் அந்த மலையில் பஞ்சமா?

அடுத்த வீட்டுக் கோமதியும் கேட்டாள். கோமதியின் புருசன் ஜீப் ஓட்டுபவன். கல்யாணமாகிப் பல வருசமாகியும் பிள்ளையில்லை. அவளுடைய நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. ரோசி வழக்கம்போல முக்கிக்கொண்டிருக்கையில், கடைசி முட்டைக்கு வந்தபோது பின்கதவைத் திறந்துகொண்டு சுவக்கீன் நுழைந்தார்.

"என்ன புள்ள, முட்டை அவிக்கிறியா? எனக்கும் ஒண்ணு."

"கழுவுறேன். போயி கையக் கழுவுங்க, மருந்து நாத்தம்" என்று சொல்லி, கையிலிருந்ததை முக்காமலே மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினாள். ஒன்றுதானே, அந்த மலடி கையில் அதுவும் அழுகும்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்குக் கோமதி வந்தாள். "ரோசிக்கா, முட்டையெல்லாம் கூமுட்டையாப் போச்சுக்கா. ஆனா..."

ரோசி மீதியைக் கேட்கவில்லை. "ஆணி போட்டியா?"

"போட்டேங்க்கா. புது ஆணி."

"அப்ப ஆணியில குத்தமில்ல, கையில குத்தம். சில பேரு கை பட்டா எதுவும் பொரிக்காது புள்ள. நம்பலேன்னா உன் வயித்தக் கேளு, அது சொல்லும்."

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கோமதி பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு முட்டைப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மாசங்கள் கழிந்து, ஈஸ்டரன்று கோமதி ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். "கம்பத்துல எங்கண்ணன் காடை வளக்குதுல்ல? குடுத்துவிட்டுச்சு. சாப்பிடுங்கக்கா." ரோசி எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். சுவக்கீனுக்கு ஒரு துண்டு வைக்கவில்லை. அடித்தாலும் காலைச் சுற்றுகிற ஜன்மங்கள் இருக்கத்தான் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு, கிண்ணத்தை விரலாலேயே வழித்தாள்.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் இவளுடைய சேவல் ஒன்று வேலிக்குமேல் பறந்து கோமதியின் பெட்டைகளோடு மேய்வதைப் பார்த்தாள். அன்றே கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றுக்கும் இரண்டு பக்க இறகையும் அடியோடு நறுக்கினாள். சிலதில் ரத்தம் வந்தது.

"பலாமரத்துல ஏறித் தூங்குற சாதி புள்ள. ஏதாச்சும் வந்தா எங்க ஏறும்?" என்றார் சுவக்கீன்.

"எது வரும்? நான் இருக்கேன்ல."

மரநாய் வந்தது. விடிந்து ரோசி போய்ப் பார்த்தபோது, ஏற முடியாமல் விறகுக் கொட்டகைத் தரையில் ஒடுங்கியிருந்த கோழிகள் எல்லாம் கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன. ஒன்றைக்கூட அது முழுதாகத் தின்னவில்லை. அடைக்கோழி கூடையிலேயே தலை தொங்கிக் கிடக்க, முட்டைகள் உடைந்து வைக்கோலில் ஒட்டியிருந்தன. சிலதின் இறகுத்தண்டுகள் விரிந்திருந்தன, பறக்கப் பார்த்திருக்கின்றன.

திருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ரோசி தான் முட்டை கொடுத்த வீடுகளை ஒவ்வொன்றாக மனதில் நினைத்துப் பார்த்தாள். எந்த வீட்டிலும் ஒரு குஞ்சு இருக்காது என்று அவளுக்குத் தெரிந்த அளவு கர்த்தருக்கே தெரியாது. அப்போதுதான் அந்த முக்காத முட்டை நினைவுக்கு வந்தது.

சுவக்கீனையும் இழுத்துக்கொண்டு போனாள். கோமதி வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. வாங்கண்ணே. கோழியெல்லாம் போச்சாமே."

"அத விடு. அன்னிக்குக் குடுத்தேனே முட்டை, அதுல ஒண்ணாச்சும் பொரிச்சுச்சா?"

"என் கை பட்டா எதுவும் பொரிக்காதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

"ஏதோ வாய் தவறி வந்துருச்சு."

"பைப்படியில அத்தன பேருக்கு முன்னாடி தவறுச்சு." கோமதி ஒரு மீனின் செவுளைப் பிய்த்தாள். "மிச்சத்த உடைச்சுப் பாத்தேன். வெள்ளக்கரு ஓட்டோட ஒட்டி அரைவேக்காடா இருந்துச்சு. கோழிச் சூட்டுல முட்டை வேகுமாக்கா?"

சுவக்கீன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். ரோசிக்குக் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. "மிச்சத்தன்னா? அப்ப ஒண்ணு?"

"பொரிச்சுச்சு. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். வெள்ளச் சேவல், காலு மூட இறகு. எங்கண்ணன் வீட்டுல விட்டு வளத்தேன். உங்க சேவல் கூவுனா கம்பத்துக்குக் கேக்கும்பீங்களே, அது கம்பத்துலயே நின்னு கூவுச்சு."

ரோசி அப்படியே மீன்தண்ணீரில் மண்டியிட்டு, கோமதியின் செதில் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜார்ஜியாரே! அதக் குடு தாயி. பைப்படியில எல்லாருக்கும் முன்னாடி உன் கால்ல விழச் சொன்னாலும் விழுறேன். பிள்ளை மாதிரி வளத்தேன் எல்லாத்தையும். ஒண்ண அறுத்துத் தின்னதில்ல. என் வீட்டுப் பேண்டம் ருசி எப்படின்னு இந்த நாக்குக்குத் தெரியாது, சத்தியமா."

கோமதி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அடுத்த மீனை எடுத்தாள்.

"தெரியும்க்கா. ஈஸ்டருக்குக் குடுத்தது காடை இல்ல."