கரடிக்குள் அக்கா

கேளம்பாக்கம் தாண்டி, தீம் பார்க் வாசலில் கரடி வேஷம் போட்ட ஆள் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் என் இரண்டரை வயது மகள் சாரா அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். உள்ளே வரவே மாட்டாளாம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

"ஒரு நிமிஷம் தலையைக் கழட்டிக் காட்டுங்களேன்," என்று கரடியிடம் கேட்கிறேன்.

"கழட்டக் கூடாதுண்ணா. சூப்பர்வைசர் பாத்தா பேஜாராயிடும்."

கரடிக்குள்ளிருந்து வருவது பெண் குரல். அவள் சாராவின் பக்கம் குனிகிறாள்.

"அழாத கண்ணு. உள்ள அக்காதான் கீறேன்."

சாரா அழுகையை நிறுத்திவிட்டு, கரடியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு உள்ளே வருகிறாள்.

சாயங்காலம் வாட்ச்மேன் எல்லோரையும் வெளியே அனுப்புகிறார். வாசலில் நிற்கும் சிமெண்ட் யானையின் காலைச் சாரா தட்டுகிறாள்.

"அக்கா, பூட்டப் போறாங்க. வெளிய வாங்க."